பழைய ஒயினில் என்னதான் இருக்கிறது? ஒரு போர்தோ பாட்டிலை வைத்து எளிய விளக்கம்

ஐம்பதைத் தாண்டிய நடிகர் யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "அவர் ஒயின் மாதிரிங்க, வயசாக ஆகத்தான் ருசி" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பணி ஓய்வு வாழ்த்து மடல்களிலும் இந்த உவமை தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். சொல்பவர்களில் பெரும்பாலோர் பழைய ஒயினை வாயில் வைத்ததில்லை. அதில் தப்பொன்றும் இல்லை. அன்னப்பறவையைப் பார்த்துவிட்டா அன்னநடை என்கிறோம்? ஆனால் நாளடைவில் அந்த உவமையே பாடமாகிவிட்டது. எந்த ஒயினையும் வாங்கி அலமாரியில் போட்டுவைத்தால், வங்கியில் வட்டி சேர்வது மாதிரி வருடா வருடம் ருசி சேரும் என்று நம்புகிறோம்.

நானும் நம்பியவன்தான். பாரிஸில் நண்பர் வீட்டு விருந்து ஒன்றில், பிரான்சின் தென்மேற்கே போர்தோ என்ற பகுதியில் செய்த, இருபத்தைந்து வயதான சிவப்பு ஒயினை முதன்முதலாகக் கையில் கொடுத்தார்கள். மேசையைச் சுற்றி எல்லோரும் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். என் கிளாஸில் இருந்தது பழுப்பு கலந்த, கொஞ்சம் வெளிறிய சிவப்பு. மழை விட்ட பிறகு தோப்புக்குள் நடந்தால் வருமே, அந்த வாசனை. வாயில் வைத்தால் பழரசமும் இல்லை, இனிப்பும் இல்லை. "கெட்டுப்போச்சா?" என்று நண்பரின் காதில் கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

அது கெட்டுப்போகவில்லை. எதைத் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பழைய ஒயினில் நடப்பது ஒரு பண்டமாற்று. பழத்தின் துடிப்பைக் கொடுத்துவிட்டு வேறு சில வாசனைகளை அது வாங்கிக்கொள்கிறது. கொடுக்கக் கையில் சரக்கு இருக்கிற ஒயின்தான் இந்தப் பேரத்துக்கே வர முடியும். இந்தப் பேரம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

விஸ்கி வேறு, ஒயின் வேறு

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பிராந்திக் கடைக்கே 'ஒயின் ஷாப்' என்றுதான் பெயர்ப்பலகை. உள்ளே போனால் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். அதனாலோ என்னவோ, எல்லா மதுவையும் ஒரே கணக்கில் பேசுவது நமக்குப் பழகிவிட்டது.

விஸ்கி பாட்டிலில் 12 வருடம் என்று போட்டிருந்தால், அது மரப்பீப்பாயில் கிடந்த காலம். பாட்டிலில் அடைத்த நாளோடு அதன் வயது நின்றுவிடும். சரியாக மூடியிருந்தால், தாத்தா வாங்கிவைத்த விஸ்கியை இன்று திறந்தாலும் அது ஏறக்குறைய அன்றைய விஸ்கிதான்.

ஒயின் அப்படி அல்ல. திராட்சைச் சாற்றை நொதிக்கவைத்துச் செய்வது அது. ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுவதைத்தான் நொதித்தல் என்கிறோம். இப்படிக் கிடைத்த ஒயினில் ஆல்கஹால் 12, 13 சதவீதம் அளவில்தான் இருக்கும். மீதியில் தண்ணீர், புளிப்பு அமிலங்கள், திராட்சைத் தோலிலிருந்து இறங்கிய நிறம், துவர்ப்பு எல்லாம் கரைந்து கிடக்கும். போர்தோவில் நல்ல சிவப்பு ஒயினை 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஒன்றரை, இரண்டு வருடம் வைத்திருந்துவிட்டு பாட்டிலில் அடைக்கிறார்கள். கரைந்து கிடப்பவை அதற்குப் பிறகும் சும்மா இருப்பதில்லை. பாட்டிலுக்குள் ஒன்றோடொன்று வினைபுரிந்துகொண்டே இருக்கின்றன. லேபிளில் பார்க்கிற ஆண்டு திராட்சை அறுவடையான ஆண்டு.

"பழைய ஒயின்னா போதை ஜாஸ்தியா இருக்குமே?" என்று கேட்காத ஆளே இல்லை. இருக்காது. காலையில் இறக்கிய கள் சாயங்காலத்துக்குள் ஏறுவதைப் பார்த்துப் பழகியதால் வந்த எண்ணமாக இருக்கலாம். கள்ளில் நொதித்தல் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் ஏறுகிறது. ஒயினில் பாட்டிலுக்கு வருவதற்கு முன்பே நொதித்தல் முடிந்துவிடும். ஈஸ்ட் தின்னச் சர்க்கரை மிச்சமில்லை. முப்பது வருடம் கழித்தும் அதே 13 சதவீதம்தான்.

நாவல் பழம் தின்ற நாக்கு

நாவல் பழத்தை ஒரு கை அள்ளித் தின்றுவிட்டு, கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்க்காத பிள்ளை உண்டா? நாக்கு ஊதா, வாயெல்லாம் இழுத்துப் பிடித்த மாதிரி. இளம் சிவப்பு ஒயினை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு அனுபவங்களுக்கும் காரணமான பொருள்கள் ஒயினிலும் இருக்கின்றன.

நாக்கை ஊதாவாக்குவது ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல் பழத்திலும் சங்குப்பூவிலும் கருப்புத் திராட்சையின் தோலிலும் இருப்பது இந்த நிறமிக் குடும்பம்தான். கருப்புத் திராட்சையைப் பிதுக்கிப் பாருங்கள், உள்ளே சதை வெளிறித்தான் இருக்கும். சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்கவைப்பதால்தான் ஒயின் சிவக்கிறது.

வாயை இழுத்துப் பிடிப்பது டானின். வாழைப்பூ, பாக்கு, கடுக்காய், நெடுநேரம் கொதித்த டீ என்று எதிலெல்லாம் துவர்ப்பு இருக்கிறதோ, அங்கெல்லாம் இதன் உறவுக்காரர்கள் இருப்பார்கள். நாம் துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணி அதற்கு ஒரு பெயரும் வைத்திருப்பதால், ஒயின் ருசிப்பதில் தமிழருக்கு ஒரு படி முன்னிலை உண்டு என்பது என் கட்சி. பழைய தமிழில் 'துவர்' சிவப்பு நிறத்துக்கும் பெயர். சிவப்பு ஒயினுக்கென்றே செய்த சொல் மாதிரி இருக்கிறது.

அறிவியல்படி துவர்ப்பு நாக்கின் சுவை மொட்டுகளில் பிறப்பதாகத் தெரியவில்லை, அது பெருமளவு தொடுவுணர்வு. எச்சிலில் உள்ள சில புரதங்கள் வாய்க்கு எண்ணெய் போட்டது போன்ற வழவழப்பைக் கொடுக்கின்றன. டானின் அந்தப் புரதங்களைப் பிடித்து உருட்டிவிடுகிறது. வழவழப்பு போய் நாக்கும் கன்னமும் உரச ஆரம்பிக்கின்றன. அந்த உரசலைத்தான் துவர்ப்பாக உணர்கிறோம்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். டீத்தூளைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பால் சேர்க்காமல் ஒரு வாய் குடியுங்கள். அடுத்து அதிலேயே கொஞ்சம் பால் ஊற்றிக் குடியுங்கள். துவர்ப்பு சட்டென்று அடங்கிவிடும். பாலில் உள்ள புரதத்தை டானின் பிடித்துக்கொள்கிறது, உங்கள் எச்சிலை விட்டுவிடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் துவர்ப்பான சிவப்பு ஒயினோடு ஆட்டிறைச்சியும் சீஸும் வைத்துச் சாப்பிடுவதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது.

ஆக, இளம் சிவப்பு ஒயின் என்பது பழ வாசனையும் புளிப்பும் ஊதாச் சிவப்பும் கடும் துவர்ப்பும் கொண்ட ஒன்று. பால் விடாத கடுந்தேநீரில் நாவல் பழத்தைப் பிசைந்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலுக்குள் நடப்பது

கலங்கிய தண்ணீர்க் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிடுவார்கள். மிதந்துகொண்டிருந்த தூசி ஒன்றோடொன்று சேர்ந்து, கனமாகி, அடியில் உட்கார்ந்துவிடும். ஒயின் பாட்டிலில் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது, ஆனால் கொட்டை எதுவும் வேண்டாம். டானின் மூலக்கூறுகள் தம்மைப் போன்ற வேறு டானின்களோடும் நிறமிகளோடும் கைகோத்து நீளமான சங்கிலிகளாகின்றன. ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சங்கிலிகள் கரைந்திருக்க முடியாமல் அடியில் படிகின்றன. பழைய பாட்டிலின் அடியில் டிகாக்‌ஷன் மண்டி மாதிரி கருஞ்சிவப்பாகக் கிடப்பது இதுதான். நிறைய பேர் இதைப் பார்த்துக் கலப்படம் என்று பயப்படுகிறார்கள். இருபது வயது போர்தோவில் மண்டியே இல்லையென்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

துவர்ப்பும் இதோடு தணிகிறது. ஒரு பகுதி டானின் அடியில் போய்விட்டது. மிச்சமிருப்பவையும் உருமாறிவிட்டதால், எச்சிலைப் பழைய மூர்க்கத்தோடு பிடிப்பதில்லை. உரசல் முழுக்கப் போகாது. சொரசொரப்பான கோணி பட்டுத்துணி ஆன மாதிரி இருக்கும், துணி என்னவோ இருக்கும்.

நிறமும் மாறுகிறது. தனித்து அலைந்த ஊதா நிறமிகள் குறைந்து, ஒயின் முதலில் மாணிக்கச் சிவப்பாகவும் பிறகு செங்கல் நிறமாகவும் ஆகிறது. கிளாஸைச் சாய்த்தால் ஓரத்தில்தான் இது முதலில் தெரியும். அந்த நிறத்துக்குப் பிரெஞ்சில் 'துயிலே' என்று பெயர், ஓட்டு நிறம் என்று அர்த்தம். வீட்டுக் கூரையில் வேய்கிற அதே ஓடுதான். நமக்கு விளக்கமே தேவையில்லாத சொல்.

அடுத்து, காற்று. 1860களில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளின்படி லூயி பாஸ்டர் ஒயின் ஏன் கெடுகிறது என்று ஆராய்ந்தார். கண்ணாடிக் குழாய்களில் சிலவற்றை ஒயினால் முழுக்க நிரப்பியும், சிலவற்றைக் காற்றுக்கு இடம் விட்டும் அடைத்துவைத்துப் பார்த்தார். காற்றோடு இருந்த ஒயின் சீக்கிரமே நிறம் மாறி மண்டி கட்டியது. ஆக்சிஜன் ஒயினை முதுமையாக்குகிறது. தக்கை வழியாக வருடக்கணக்கில் கசிகிற துளியளவு ஆக்சிஜன் அதற்கு நல்லது, மொத்தமாக வந்தால் அதுவே எமன். ஒன்றரை லிட்டர் பெரிய பாட்டில் நிதானமாகவும் அரைப் பாட்டில் வேகமாகவும் பழசாவது இதனால்தான். உள்ளே அடைபடுகிற காற்று இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று, அதைப் பங்குபோட்டுக்கொள்கிற ஒயின்தான் கூடக் குறைய.

வெப்பம் இந்த வினைகள் எல்லாவற்றையும் முடுக்கிவிடும். பிரான்சின் நிலவறைகள் 12, 13 டிகிரி செல்சியஸில் வருடம் முழுக்க ஒரே சீராக இருப்பவை. பரிசாக வந்த பாட்டிலை 'பழசாகட்டும்' என்று சென்னை வீட்டு ஷோகேஸில் நிற்கவைத்தால், இரண்டு கோடை தாண்டுவதற்குள் அது வெந்துவிடும்.

சுருக்கமாக: டானினும் நிறமியும் கூடிச் சங்கிலியாகின்றன, கொஞ்சம் படிகிறது, துவர்ப்பு தணிகிறது, நிறம் ஊதாவிலிருந்து ஓட்டு நிறத்துக்கு நகர்கிறது. துளியளவு ஆக்சிஜனும் குளிர்ச்சியும் இதை நிதானமாக நடத்திக்கொடுக்கின்றன.

மாவடுவும் மாம்பழமும்

அப்படியானால் எல்லா ஒயினையும் ஏன் இருபது வருடம் வைக்கக் கூடாது?

நல்ல பங்கனப்பள்ளி மாம்பழத்தை ஜாடியில் போட்டு மூடிவைத்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனால் புளிப்பும் துவர்ப்பும் கடுகடுவென்று இருக்கிற மாவடு உப்போடு சேர்ந்து ஒரு வருடம் தாங்குகிறது. சுருங்கி, நிறம் மாறி, முதல் வாரத்தில் இல்லாத ஒரு ருசி அதற்கு வந்துவிடுகிறது. இன்றைக்கே தின்னச் சுகமாக இருப்பது வேறு, வைத்துத் தின்பது வேறு. ஒயினுக்கும் இதே நியாயம்தான். காலத்தைத் தாங்க அதற்குப் புளிப்பு வேண்டும், டானின் வேண்டும், இவை இரண்டும் தணியும்வரை ஈடுகொடுக்க அடர்த்தியான பழமும் வேண்டும். உலகில் விற்பனையாகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி வாங்கிய ஓரிரு வருடங்களில் குடிக்கவென்றே செய்தது. அதை வைத்திருந்தால் பழம் போய்விடும், பதிலுக்கு எதுவும் வராது.

இதற்கு உச்சமான உதாரணம் போஜொலே நுவோ. செப்டம்பர் வாக்கில் பறித்த திராட்சை, நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமையே கடைக்கு வந்துவிடும். சில மாதங்களுக்குள் குடித்து முடித்துவிட வேண்டிய ஒயின். மறுபக்கம், போர்தோவில் ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையில் மெதோக் என்ற பகுதி, அதற்குள் போயாக் என்ற சிற்றூர். சரளைக்கல் மண். அங்கே கோலோச்சுவது கபெர்னே சோவிஞோன் என்ற திராட்சை. சின்ன உருண்டை, தடித்த தோல். சதைக்குத் தோலும் விதையும் அதிகம் என்பதால் டானினும் அதிகம். நல்ல ஆண்டில் விளைந்த போயாக் ஒயின் இளமையில் வாயைக் கட்டிவிடும், பதினைந்து இருபது வருடம் கழித்துத்தான் பேச ஆரம்பிக்கும். வலது கரையில் சாந்த் எமிலியோன், பொமரோல் பக்கம் மெர்லோ திராட்சை அதிகம். அது கொஞ்சம் சாது.

ஆண்டும் முக்கியம். 1991 ஏப்ரல் உறைபனி போர்தோவின் துளிர்களைக் கருக்கியது. 2005 வறண்ட, நல்ல வெயிலடித்த ஆண்டு. அதில் விளைந்த நல்ல ஒயின்கள் இருபது வயதிலும் தெம்பாக இருக்கின்றன. ஒரே தோட்டம், ஒரே கைப்பக்குவம், ஆனால் இரண்டு பாட்டில்களின் ஆயுள் வேறு. மெதோக் ஒயின்களை ஐந்து தரங்களாகப் பிரித்த 1855ஆம் ஆண்டுப் பட்டியல் இன்னமும் லேபிள்களில் பெருமையாக இடம்பெறுகிறது. அன்றைய தரகர்கள் சந்தை விலையை வைத்துப் போட்ட பட்டியல் அது. அதில் பிற்பாடு முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது, 1973இல், ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷீல்ட் என்ற தோட்டம் மட்டும்தான். கையில் இருக்கிற பாட்டில் இன்றைக்கு எப்படி இருக்கும் என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

வேறு எது சொல்லும்? திறந்து பார்ப்பதுதான். ஒவ்வொரு நல்ல ஒயினும் ஏறி, ஒரு சமவெளியில் சில காலம் நின்று, பிறகு இறங்கும். சமவெளி எந்த வருடம் தொடங்கும் என்று ஜாதகம் கணிக்க முடியாது. வசதியுள்ளவர்கள் ஒரே ஒயினில் பன்னிரண்டு பாட்டில் வாங்கி, இரண்டு வருடத்துக்கு ஒன்றாகத் திறந்து பார்ப்பதன் நோக்கம் இதுதான். வசதியில்லாதவர்கள் அப்படிப்பட்டவர்களோடு நட்பாக இருப்பது நல்லது.

மூக்கில் இருக்கிறது ருசி

ஜலதோஷம் பிடித்த அன்று ரசம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். புளிப்பு தெரியும், உப்பு தெரியும், மிளகின் காரம் உறைக்கும். சீரகமும் கொத்தமல்லியும் பெருங்காயமும் காணாமல் போயிருக்கும். நாக்கு சொல்வது மிகக் கொஞ்சம். 'ருசி' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்கின் பின்புறத்துக்கு ஏறுகிற வாசனை. பழைய ஒயினை ருசிப்பது ஏறக்குறைய முழுக்கவே மூக்கின் வேலை.

வாசனைகளை மூன்று அடுக்காகப் பிரிப்பது வழக்கம். முதல் அடுக்கு திராட்சையிலிருந்து வருவது: கருநிறப் பழங்கள், கபெர்னே சோவிஞோன் சரியாகப் பழுக்காவிட்டால் குடைமிளகாய். இது உவமை அல்ல, குடைமிளகாயின் வாசனைக்குக் காரணமான வேதிப்பொருள் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது. இரண்டாம் அடுக்கு நொதித்தலும் பீப்பாயும் தருவது: ஓக் மரத்திலிருந்து வனிலா, லேசான கருகல். மூன்றாவதுதான் வயது தருவது. பழக்கடை வாசனைக்குக் காரணமானவை மெல்லச் சிதைந்து போக, உலர்ந்த அத்தி, தோல், பதப்படுத்திய புகையிலை, காளான், மக்கிய இலை என்று வேறொரு கூட்டம் வந்து சேர்கிறது. போயாக் ஒயினுக்கென்று பேர்போனது பென்சில் சீவிய வாசனை. மூன்றாம் வகுப்பு ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்த மாதிரி இருக்கும். மக்கிய இலையும் ஈர மண்ணும் கலந்த வாசனையைப் பிரெஞ்சில் 'சூ புவா' என்பார்கள், மரங்களின் அடியில் என்று பொருள். அன்றைக்கு நான் தோப்பு என்று நினைத்தேனே, அதுதான். சரியாகத்தான் முகர்ந்திருக்கிறேன், அதற்கு மதிப்பெண் உண்டு என்று தெரியாமல் போய்விட்டது.

இந்தச் சொற்களைக் கேட்டு மிரள வேண்டாம். நிபுணர்களின் மூக்கும் ஏமாறும். போர்தோவில் ஃப்ரெதெரிக் ப்ரோஷேயும் சக ஆய்வாளர்களும் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து, ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில், மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்திருந்தார்கள். கண் முதலில் முடிவெடுத்துவிடுகிறது, மூக்கு அதற்கு ஒத்து ஊதுகிறது.

அமெரிக்காவில் ரூடி குர்னியவான் என்பவர் புது ஒயின்களைக் கலந்து பழைய லேபிள் ஒட்டிப் பெரும் பணக்காரர்களிடம் பல வருடம் விற்றார். 2013இல் நியூயார்க் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அவர் மீது சந்தேகம் வலுத்ததற்கு ஒரு காரணம் நாக்கு அல்ல, லேபிள். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஒயின் செய்யும் லோரான் போன்ஸோவின் குடும்பம் 1982 முதல்தான் செய்ய ஆரம்பித்த ஒரு ஒயினில், 1945 என்று ஆண்டு போட்ட பாட்டில் ஏலத்துக்கு வந்திருந்தது.

திறக்கும் முன்

படுக்கவைத்திருந்த பாட்டிலை ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், செங்குத்தாக நிற்கவையுங்கள். மண்டி அடியில் இறங்கட்டும். சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' குடிக்க வேண்டும் என்பது பலர் சொல்லும் பாடம். அந்த அறை ஹீட்டர் வராத காலத்துப் பிரெஞ்சு வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. மதுரை வீட்டு அறை அல்ல. நம் ஊரில் முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது தப்பே இல்லை.

பழைய தக்கை பிஸ்கட் மாதிரி உதிரும், பொறுமையாக எடுங்கள். அடுத்தது இறுத்தல். வெண்ணெய் காய்ச்சித் தெளிந்த நெய்யை இறுப்பவருக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியோ செல்போன் வெளிச்சமோ இருக்கட்டும். நிறுத்தாமல், நிதானமாக வேறு கண்ணாடிக் குடுவைக்குச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். கழுத்தில் கருப்பு இழை மாதிரி மண்டி எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். கடைசி இரண்டு விரற்கடை போனால் போகட்டும். போர்தோ பாட்டிலுக்குத் தோள்பட்டை தூக்கலாக இருப்பது இந்த நேரத்தில் மண்டியைத் தடுத்து நிறுத்த உதவும்.

இறுத்த ஒயினை எவ்வளவு நேரம் காற்றில் விடுவது? இளம் ஒயினுக்கு இரண்டு மணி நேரம் காற்று நல்லது. முப்பது நாற்பது வயதானதற்கு அவ்வளவு தெம்பு இருக்காது. அரை மணி நேரத்தில் மலர்ந்து, அடுத்த ஒரு மணியில் வாடிவிடலாம். அதை இறுத்த உடனே ஊற்றிவிடுவேன்.

கையில் கிளாஸ்

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். மேல்பாதி வாசனைக்கான இடம். வெள்ளைத் துணி மேல் கிளாஸைச் சாய்த்து ஓரத்து நிறத்தைப் பாருங்கள். உட்சுவரில் கண்ணீர் மாதிரி வழிகிற கோடுகளைக் காட்டி 'தரமான ஒயின்' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடலாம். ஆல்கஹால் ஆவியாகும்போது பரப்பு இழுவிசை மாறுவதால் வருவது அது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் கிளாஸை ஆட்டாமலே முகருங்கள். வயதான ஒயினின் மெல்லிய வாசனைகள் முதல் மூச்சிலேயே வந்துபோய்விடும். பிறகு லேசாகச் சுழற்றி இன்னொரு முறை. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, எந்த இடத்தை நினைவூட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். பாட்டியின் மரப்பெட்டி என்று தோன்றினால் அதுவே சரியான விடை.

அப்புறம் ஒரு சின்ன வாய். விழுங்காமல் வாய்க்குள் உருட்டிவிட்டு, சூடான காப்பியை உறிஞ்சுவது மாதிரி சர்ரென்று கொஞ்சம் காற்றை இழுங்கள். வீட்டில் செய்தால் அம்மா அதட்டுவார், இங்கே இது முறை. துவர்ப்பு ஈறில் மாவு பூசிய மாதிரி நிற்கிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா? கீழ்த்தாடை ஓரத்தில் எச்சில் ஊறுகிறதா? ஊறினால் புளிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, ஒயினும்தான். விழுங்கிய பிறகு வாசனை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனசுக்குள் எண்ணுங்கள். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த பிறகு ஒரு இனிப்பு நின்றுகொண்டே இருக்குமே, அந்த மாதிரி நிற்பதற்குப் பிரெஞ்சில் ஒரு அளவையே உண்டு. வாசனை ஒரு நொடி நின்றால் ஒரு 'கோதாலி'.

தொட்டுக்கொள்ள மட்டன் சுக்கா வேண்டாம். மிளகாய்க் காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலின் சூட்டையும் தூக்கிக் காட்டும், மெல்லிய வாசனைகளை அமுக்கிவிடும். போயாக்காரர்களே தம் ஊர் ஒயினோடு வைத்துக்கொள்வது அந்த ஊர் இளம் ஆட்டுக்கறி வறுவலைத்தான், மசாலா இல்லாமல்.

கெட்டதா, பழசா?

என் பழைய கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் தக்கை வழியாக வந்த பழுது அது. எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் கீழே ஊற்ற வேண்டியதுதான். காடி நெடியும் நெயில் பாலிஷ் நெடியும் சேர்ந்து வந்தால் பாக்டீரியா வென்றுவிட்டது. வெட்டிவைத்துப் பழுத்துக் கறுத்த ஆப்பிள் வாசனை மட்டுமே மிஞ்சினால் காற்று அதிகமாகப் புகுந்திருக்கிறது. குதிரை லாயம் மாதிரி வந்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும். கொஞ்சமாக இருந்தால் அழகு என்பார் ஒருவர், துளி இருந்தாலும் குறைதான் என்பார் இன்னொருவர். நான் இரண்டாவது கட்சி.

தோப்பு, காளான், பென்சில், பழைய மரப்பெட்டி இவை எதுவும் பழுதல்ல.

குடித்து முடித்த கிளாஸை அன்றிரவே கழுவிவிடாதீர்கள். அடியில் ஒட்டிய ஒரு துளி காய்ந்த பிறகு, மறுநாள் காலை அதற்குள் மூக்கை விட்டுப் பாருங்கள். ஆல்கஹாலின் நெடியெல்லாம் போய், புகையிலையும் மரமும் மட்டும் மிச்சமிருக்கும். அன்று பாரிஸில் நண்பரின் மனைவி பாத்திரம் தேய்க்க எடுத்த கிளாஸை என் மூக்கருகே நீட்டியபோதுதான், முந்தின இரவு நான் எதைக் குடித்தேன் என்று எனக்குத் தெரிந்தது.